அனந்தப்பூரில் ஒரு ஸ்பானியப் பாடம்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலுக்கும் முட்டத்திற்கும் இடையே அமைந்துள்ளது மணவாளக்குறிச்சி. கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூரை உலகறியச் செய்தது இதன் மணல். இங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், அதில் மோனசைட் கலந்திருப்பதை 1909ஆம் ஆண்டு கண்டறிந்தார். அந்நாளைய வாயு விளக்குகளின் மேண்டில் செய்வதற்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. கப்பல்கள் வந்தன, ஆலை எழுந்தது. இன்று அது மத்திய அரசின் அருமண் நிறுவனத்தின் வசம் உள்ளது.

மணலின் வரலாற்றை எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மணலைத் தேடி வந்தவர்களும், மிளகைத் தேடி வந்தவர்களும், மதம் பரப்ப வந்தவர்களும் இக்கரையில் விட்டுச்சென்ற மொழிகளைப் பற்றியும், இவ்வூர்ப் பெண் ஒருத்தி தொண்டுக்காகக் கற்றுவரும் ஓர் அயல்மொழியைப் பற்றியும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே விழைகிறேன்.

மொழிகள் கரையேறிய கடற்கரை

1956 நவம்பர் 1ஆம் நாள் தாய்த் தமிழகத்துடன் இணையும் வரை எங்கள் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. ஆதலால் மலையாளம் எங்களுக்கு அண்டை வீட்டு மொழி. மதரஸாவில் அரபு. எங்கள் பாட்டிமார் ஓதிய கிதாபுகளிலோ அரபு எழுத்தும் தமிழ்ச் சொல்லும் கைகோத்த அரபுத் தமிழ். தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முஹம்மது அப்பா அவர்களின் ஞானப் பாடல்களைத் தமிழிலேயே கேட்டு வளர்ந்த சமுதாயம் எங்களுடையது.

அயலாருக்கும் இங்கே மொழி கற்க வேண்டிய தேவை இருந்தது. இன்றைய ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542இல் இந்தியா வந்தார். 1544இன் இறுதியில் எங்கள் கடலோரக் குப்பங்களில் நடந்தார். தம் மார்க்கத்தின் பிரார்த்தனைகளை உள்ளூர் மாணவர்களின் துணைகொண்டு தமிழாக்கம் செய்து, அவற்றை மனனம் செய்து, மணியடித்து மக்களைக் கூட்டி ஒப்புவித்தார் என்று வரலாறு கூறுகிறது. 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படையின் டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரானார். உதயகிரிக் கோட்டையில் இருக்கும் அவரது கல்லறையில் லத்தீனும் தமிழும் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன. அவரவர் நோக்கம் வேறு. நமக்கு உடன்பாடில்லாததும் இருக்கலாம். ஆனால், ஒரு மக்களிடம் செல்ல விரும்புவோன் முதலில் அவர்களது மொழியின் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற பாடம் இக்கரையில் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நடத்தப்பட்டுவிட்டது.

வளைகுடாவில் ஒரு நோவு

எங்கள் தெருவில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். சிறு வயதில் மதரஸாவில் ஓதியவர். திருமறையின் பல அத்தியாயங்கள் அவருக்கு மனப்பாடம். அந்த நாட்டில் ஒருநாள் இரவு, அடிவயிற்றின் வலப்பக்கத்தில் நோவு கண்டது. உடன் வேலை செய்தோர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். "எங்கே, எப்போது தொடங்கியது, குத்துகிறதா, எரிகிறதா, நகர்கிறதா?" என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் கேள்விகள் வந்தன. நண்பர் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். வயிற்றுவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் குடல்வால் வெடித்து, மயங்கிய நிலையில் அறுவை சிகிச்சை நடந்தது. அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்தார்.

"உஸ்தாதே, யாசீன் முழுக்க ஓதத் தெரியும். ஆனா, இங்கே நோவுதுன்னு சொல்லத் தெரியாமப் போச்சு" என்று அவர் ஒருமுறை என்னிடம் கூறினார். அரபு எழுத்தை எழுத்துக் கூட்டி ஓதக் கற்ற நம் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் அந்த மண்ணில் இப்படி வாயடைத்து நின்றிருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

அந்த நண்பரின் மகள்தான் நான் மேலே குறிப்பிட்ட பெண். செவிலியர் பட்டம் பெற்றவள். என்னிடம் மக்தபில் ஓதிய மாணவி. ஆந்திர மாநிலம் அனந்தப்பூரில் தொண்டராகப் பயிற்சி பெறப் போவதாகவும், அங்கு ஸ்பெயின் நாட்டு மருத்துவர்களும் தொண்டர்களும் வந்து பணியாற்றுவதால் ஸ்பானிய மொழியைக் கற்கப் போவதாகவும் அவள் சொன்னபோது வீடு இரண்டுபட்டது. உம்மா அழுதார். வாப்பாவோ என்னிடம் ஒரு கேள்வியுடன் வந்தார்.

"அந்தலூசியாவிலேருந்து நம்ம ஆட்களை விரட்டினவங்க பாஷையில்லையா அது? அதை ஏன் உஸ்தாதே எம் பிள்ளை படிக்கணும்?"

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது.

விரட்டியவர்களின் மொழியா?

711இல் தாரிக் பின் ஜியாத் அவர்கள் கடல் கடந்தது முதல் 1492இல் கிரானடா வீழ்ந்தது வரை, ஸ்பெயினில் ஏதேனும் ஒரு பகுதியில் இஸ்லாமிய ஆட்சி நிலவியது. அதன்பின் அங்கிருந்த முஸ்லிம்கள் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளாயினர். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னன் கிரானடாவில் அரபு மொழியைப் பேசவும் எழுதவும் தடை விதித்தான். 1609 முதல் 1614 வரை, மொரிஸ்கோக்கள் எனப்பட்ட அம்மக்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். நண்பரின் மனத்தில் இருந்த காயத்துக்கு வரலாற்றுச் சான்று உண்டு.

ஆனால் அவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரபு மொழியை மெல்ல மெல்ல இழந்த அந்த முஸ்லிம்கள் என்ன செய்தார்கள்? தங்கள் தீனைத் தாங்கள் பேசிய ஸ்பானிய மொழியிலேயே எழுதினார்கள். எழுத்தை மட்டும் அரபு எழுத்தாக வைத்துக்கொண்டார்கள். அதற்கு 'அல்ஹமியாதோ' என்று பெயர். அரபியரல்லாதார் மொழியைக் குறிக்கும் 'அஜமிய்யா' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அரபியில் 'ப' ஒலி இல்லையல்லவா? 'பா' என்னும் அரபு எழுத்தின்மீது ஷத்து இட்டு அவ்வொலியை அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் அரபு எழுத்துக்குப் புதிய குறிகள் சேர்த்துத் தமிழ் எழுதியதும் இதே வழியில்தான். ஒருவரையொருவர் அறியாத இரு சமுதாயங்கள், ஒரே தேவைக்கு ஒரே விடையைக் கண்டுள்ளன!

1884ஆம் ஆண்டு, சரகோசா அருகே அல்மொனாசித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளம் ஒன்றின் அடியில் மறைத்து வைக்கப்பட்டிருந்த கையெழுத்துப் பிரதிகள் ஏராளமாகக் கிடைத்தன. துரத்தப்பட்ட மக்கள், என்றேனும் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் ஒளித்துவைத்த கிதாபுகள் அவை. பலவும் ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டவை.

இதை நண்பரிடம் எடுத்துரைத்தேன். "விரட்டியவர்கள் பேசிய மொழி அது என்பது மெய். விரட்டப்பட்டவர்கள் துஆக் கேட்டதும் அதே மொழியில்தான்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஜைத் பின் தாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்தார் என்று ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாகத் திருமறையின் அர்ரூம் அத்தியாயம் எண்ணுகிறது. அத்தாட்சியைக் கண்டு அஞ்சுவதோ வெறுப்பதோ முஃமினுக்கு அழகாகுமா?

அனந்தப்பூர் நோக்கி

சென்ற ஆண்டு நண்பருடன் நானும் அனந்தப்பூர் சென்றேன். நாகர்கோவிலிலிருந்து பெங்களூர் வரை இரயில், அங்கிருந்து பேருந்து. கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் அனந்தப்பூர் வழியாகவும் செல்கிறது என்பதை வழியில் கண்டபோது, ஊரை விட்டு விலகி வந்த உணர்வு சற்றுக் குறைந்தது. ஆனால் மண் முற்றிலும் வேறு. எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் பொழியும். அங்கே மேடும் பாறையும் சிவந்த வறண்ட நிலமும். மழையை நம்பிப் பயிரிட்ட நிலக்கடலை. நாட்டிலேயே மிகக் குறைந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்று அது.

அங்குதான் விசென்டே பெரர் என்ற ஸ்பானியர் தம் வாழ்வைக் கழித்தார். 1920இல் பார்சிலோனாவில் பிறந்தவர். இளமையில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கொடுமையைப் போர்முனையில் கண்டவர். ஏசு சபைத் துறவியாக 1952இல் பம்பாய் வந்திறங்கினார். மராத்தி கற்று, மன்மாட் பகுதியில் ஏழை விவசாயிகளுக்குக் கிணறு தோண்ட உதவினார். அவரது செல்வாக்கு வளர்வதை விரும்பாத சிலரின் எதிர்ப்பால் 1968இல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான விவசாயிகள் அவருக்காக நடைப்பயணம் மேற்கொண்டனர். பிரதமர் இந்திரா காந்தியின் தலையீட்டால் 1969இல் திரும்பி வந்து, அனந்தப்பூரில் குடியேறினார். 1970இல் துறவு சபையை விட்டு விலகி இல்லறம் ஏற்றார். ஆர்.டி.டி. என்று சுருக்கமாக வழங்கும் ரூரல் டெவலப்மென்ட் டிரஸ்ட் அவர் தொடங்கியதே. பள்ளிகள், வீடுகள், நீர்நிலைகள், மருத்துவமனைகள் என அதன் பணி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் பரவியது. 2009 ஜூன் 19ஆம் நாள் அவர் மறைந்தார். 2022இல் அனந்தப்பூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் ஸ்ரீ சத்யசாயி மாவட்டத்தில் அமைந்துள்ள பத்தலப்பல்லியில், நிறுவனத்தின் மருத்துவமனை வளாகத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

ஸ்பெயினில் பல்லாயிரம் குடும்பங்கள் மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்கி இப்பணிக்கு உதவுகின்றன. அங்கிருந்து மருத்துவர்களும், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களும், மாணவர்களும் தொண்டாற்ற வருகின்றனர். வருபவர்களுக்குத் தெலுங்கு தெரியாது; கிராமத்தாருக்கு ஸ்பானியம் தெரியாது. இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்போர் அங்கு மிகவும் வேண்டப்படுகின்றனர்.

தமிழ் நாவும் ஸ்பானியச் சொல்லும்

எங்கள் பெண்ணுக்கு வேலை இரட்டிப்பு. பகலில் தெலுங்கு, மாலையில் ஸ்பானியம். சக தொண்டர்களே ஆசிரியர்கள்; ஒரு பழைய இலக்கண நூலும் இரண்டு குறிப்பேடுகளும் துணை. அவளுடைய குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினேன். மொழி ஆசிரியனான எனக்கு அது பெருவிருந்தாக அமைந்தது.

ஆங்கிலேயர் திணறும் சில இடங்களில் தமிழ் நா தடையின்றிச் செல்கிறது. ஸ்பானியத்தில் 'ஞ' ஒலி உண்டு. அதற்கென நெளிகோடு இட்ட தனி எழுத்தே உண்டு. வினைச்சொல்லின் ஈறே பேசுபவர் யாரெனக் காட்டிவிடும். 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'. 'ஆப்லாஸ்' என்றால் 'பேசுகிறாய்'. 'நான்', 'நீ' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. 'நீ', 'நீங்கள்' என்ற மரியாதை வேறுபாடும் அங்கே 'தூ', 'உஸ்தெத்' என்று நிலைத்திருக்கிறது. "மூத்த நோயாளியிடம் 'தூ' என்று சொல்ல எனக்கு நாக்கு வராது உஸ்தாதே" என்றாள் அவள். நம் வீட்டு ஒழுக்கம் அயல்மொழியிலும் உடன் செல்கிறது!

எல்லாவற்றிலும் என்னை நெகிழ வைத்தது நோவைக் குறிக்கும் வாக்கியம். 'மே துவேலே லா கபேசா' என்பார்கள். 'எனக்குத் தலை நோகிறது' என்பதே அதன் பொருள். ஆங்கிலேயர் தலைவலியை ஓர் உடைமைபோல 'வைத்திருக்கிறார்கள்'. ஸ்பானியரும் தமிழரும் 'எனக்கு நோகிறது' என்கிறார்கள்.

இன்னொரு நுட்பம். 'இருக்கிறது' என்பதற்கு அம்மொழியில் இரண்டு வினைகள் உண்டு. ஒருவரின் இயல்பைக் கூற ஒன்று. அவர் இப்போதுள்ள நிலையைக் கூற இன்னொன்று. ஒருவர் நோயுற்றிருக்கிறார் என்பதைப் பொதுவாக இரண்டாவது வினையால்தான் சொல்வார்கள். நோய் அம்மனிதரின் இயல்பன்று. அவர்மீது வந்திருக்கும் ஒரு நிலை. செவிலியருக்கு இதைவிட நல்ல இலக்கணப் பாடம் வேறென்ன வேண்டும்?

அடுத்த பக்கத்தில் அவள் ஒரு பட்டியல் எழுதியிருந்தாள். மக்தபில் கற்ற அரபுச் சொற்களை ஸ்பானியத்தில் தேடிக் கண்ட பட்டியல். சர்க்கரைக்கு 'அசூகர்', அரபியில் அஸ்ஸுக்கர். எண்ணெய்க்கு 'அசெய்தே', அரபியில் அஸ்ஸைத். பருத்திக்கு 'அல்கொதோன்'; அரபியில் அல்குத்ன். கொத்தனாருக்கு 'அல்பானில்', அரபியில் அல்பன்னா. 'வரை' என்று பொருள்படும் 'அஸ்தா', நம் 'ஹத்தா'. ஊர்த் தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே', நம் 'அல்காழி'. குர்துபா நகரைத் தழுவி ஓடும் குவாதல்கிவிர் ஆறு, 'வாதி அல்கபீர்', அதாவது பெரிய ஆறு. 'நாரஞ்ஹா' என்ற ஆரஞ்சின் பெயர், அரபு, பாரசீகம், வடமொழி எனப் பின்னோக்கி நடந்து நம் 'நாரத்தை'யின் பக்கம் வந்து நிற்பதாக அறிஞர் பலர் கருதுகின்றனர்.

பட்டியலின் கடைசிச் சொல் 'ஒஹலா'. 'அப்படியே நடக்கட்டும்' என்று ஏங்கும்போது ஸ்பானியர் சொல்லும் சொல். 'அல்லாஹ் நாடினால்' என்ற அரபுத் தொடரின் எச்சம் அது. நாட்டைவிட்டு மக்களைத் துரத்த முடிந்தது. நாவிலிருந்து அந்தச் சொல்லைத் துரத்த முடியவில்லை. இதைப் படித்துக் காட்டியபோது நண்பர் மகளின் குறிப்பேட்டை வாங்கித் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மொழிபெயர்ப்பும் அமானிதமே

ஒரு பிற்பகல், தெலுங்கு பேசும் மூதாட்டி ஒருவருக்கும் ஸ்பானிய மருத்துவருக்கும் இடையே தான் அமர்ந்த கதையை அவள் எங்களுக்குச் சொன்னாள். மருத்துவர், "எங்கே வலி?" என்று வினவினார். மூதாட்டி நெஞ்சைத் தொட்டு ஏதோ கூறினார். அவர் கூறிய சொல் 'நொப்பி' அன்று, 'மண்ட்ட'. தெலுங்கில் நொப்பி என்றால் நோவு. மண்ட்ட என்றால் எரிச்சல். ஸ்பானியத்திலும் 'தோலோர்', 'ஆர்தோர்' என்று இரண்டும் தனித்தனி. எரிச்சலை நோவென்றோ, நோவை எரிச்சலென்றோ மாற்றிச் சொன்னால் மருத்துவரின் எண்ணமே வேறு திசையில் சென்றுவிடும். எனவே மூதாட்டியிடம் திரும்பவும் கேட்டு, அதே சொல்லை உறுதி செய்துகொண்ட பிறகே அவள் மொழிபெயர்த்தாளாம்.

"நம்ம சொல் ஒண்ணைக் கூட்டக்கூடாது, அவங்க சொல் ஒண்ணைக் குறைக்கக்கூடாது. கேட்ட நோயை வெளியே சொல்லவும் கூடாது. ஹதீஸ் அறிவிப்பாளருக்கு நீங்க சொல்லித் தந்ததுதான் உஸ்தாதே" என்றாள்.

நண்பர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். பிறகு, "மக்ளே, அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியிலே உன்னைப்போல ஒருத்தி இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவள் தொடர்ந்து அங்கிருக்க அனுமதி அளித்ததாகவே அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நம் வீடுகளுக்குச் சில வார்த்தைகள்

2005 அக்டோபர் 8ஆம் நாள் காஷ்மீரைக் குலுக்கிய பூகம்பத்துக்குப் பின், கியூபாவிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் பாகிஸ்தானின் மலைக்கிராமங்களில் பல மாதங்கள் தங்கிச் சிகிச்சை அளித்தனர். ஸ்பானிய மொழி பேசிய அவர்களும் மொழிபெயர்ப்பாளரின் வழியே நோவைக் கேட்டனர். பின்னர் கியூபா வழங்கிய உதவித்தொகையால் அங்கு மருத்துவம் பயிலச் சென்ற பாகிஸ்தான் மாணவர்கள் முதலில் ஸ்பானிய மொழியைக் கற்றனர். அதன் பிறகே மருத்துவ வகுப்பில் அமர்ந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை குளச்சலையும் எங்கள் கடலோரக் குப்பங்களையும் சூறையாடியதை நாம் மறக்கவில்லை. பேரிடர் மொழி பார்த்து வருவதில்லை. உதவிக்கு வருவோர் நம் மொழி அறிந்தே வருவார்கள் என்பதும் இல்லை.

ஆதலின் பெற்றோரிடம் நான் வேண்டுவது இதுதான். பிள்ளைகளை அயல்மொழி கற்க விடுங்கள். அது ஊதியத்துக்கு உதவும், உண்மைதான். ஆனால், இன்னொருவரின் நோவைக் கேட்டுச் சொல்லவும் அது உதவும் என்பதைச் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். வளைகுடா செல்லவிருக்கும் மகனுக்கு, உடல் உறுப்புகளின் பெயரையும், நோவின் வகைகளையும் அரபியில் ஐம்பது சொற்களாவது பயணத்துக்கு முன் கற்பியுங்கள். எங்கள் மக்தபில் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் இதை இப்போது சொல்லித் தருகிறோம். ஒருவன் நோயாளியாக நடிப்பான், இன்னொருவன் மருத்துவராகக் கேட்பான். நண்பர்தாம் அவ்வகுப்பின் முதல் ஆர்வலர்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வீட்டுப் பரணிலோ, பாட்டியின் தகரப் பெட்டியிலோ அரபுத் தமிழ்க் கிதாபு ஏதேனும் இருந்தால், எவராலும் வாசிக்க முடியாதென்று எறிந்துவிடாதீர்கள். அல்மொனாசித் ஊரில் அவற்றை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்த அச்சம் இல்லை. வாசிக்கத் தெரிந்த ஒரு முதியவர் ஊரில் இருக்கும்போதே, ஒரு பிள்ளையை அவர் அருகில் அமர்த்துங்கள். ஒரு மொழியை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்க ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் ஒரு திண்ணையும் போதும்.

பிறர் நோவறியும் நாவை நம் மக்களுக்கு வல்ல இறைவன் அருள்வானாக. ஆமீன்.